முள் பட்ட ஊர்

'பொன்செதில்' என்ற தூண்டில் விடுதிக்காரர்கள் காவிரியில் பெருங்கெண்டை மீனைப் பிடிப்பதும் படம் எடுப்பதும் திரும்ப ஆற்றிலேயே விடுவதுமாக இருந்த ஆறாவது வருஷத்தில், மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அக்கரையில் ஒரு விருந்தாளியின் தூண்டிலை மீன் கவ்விய அதே நொடியில், இக்கரையில் ஏழுமடுவு ஊரின் டீக்கடைக்காரன் கரியப்பனுக்குக் கீழுதட்டின் ஓரத்தில் சுருக்கென்று முள் ஏறியது. ஆற்றிக்கொண்டிருந்த டீ கொட்டியது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உதட்டைப் பிடித்து இழுக்க, கழுத்து முன்னே நீள, கடையை விட்டிறங்கி ஆற்றைப் பார்த்து நடந்தான். அங்கே மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடியபோது இங்கே இவனும் திரும்பி மாரியம்மன் கோவில்வரை ஓடினான். அங்கே விருந்தாளி தூண்டிலின் நூல் உருளையைச் சுற்றச் சுற்ற இங்கே இவன் மறுபடியும் ஆற்றுக்கு வந்தான். இப்படி முக்கால் மணி நேரம் தெருவை அளந்து, கடைசியில் இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்று வாயைத் திறந்து திறந்து மூடினான், மூச்சு வரவில்லை. எதிர்க்கரையில் விருந்தாளி மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மீன் தண்ணீருக்குத் திரும்பியதும் கரியப்பனுக்கு மூச்சு திரும்பியது. அவன் கடைக்கு வந்து, கிளாஸைக் கழுவி, காத்திருந்தவர்களுக்கு வேறு டீ போட்டுக் கொடுத்தான்.

மறுநாள் பள்ளிக்கூட வாத்தியாருக்கு. அதற்கு மறுநாள் நிறைமாசக்காரி ஒருத்திக்கும், வனக்காவலர் ஒருவருக்கு யூனிபார்மோடும். ஒரு மீனுக்கு ஒரு ஆள் என்பது பங்குனி பிறப்பதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்டு எந்தக் காலத்தில் யாருக்குப் பதில் கிடைத்தது? எப்படிச் சமாளிப்பது என்பதுதான் பேச்சாக இருந்தது. இழுத்தால் முரண்டு பிடிக்கக்கூடாது, போய்விட வேண்டும், முரண்டு பிடித்தால் உதடு கிழியும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னார்கள். தெரு நெடுக ஆள் பிடித்துக்கொள்ள மூங்கில் கட்டினார்கள். கரையில் ஒரு கயிற்றுக்கட்டில் போட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் யாருக்காவது முள் பட்டால் அவர் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு, திரும்பி வந்ததும் அதே இடத்தைக் கொடுத்தார்கள். வாத்தியார் வருகைப் பதிவேட்டில் 'தூண்டில்' என்று தனியாக எழுதினார். வைகாசியில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டப்போகும் நேரம் பெண்ணுக்கு முள் பட, மாப்பிள்ளை கையில் தாலியோடு அவள் பின்னால் ஆறுவரை நடந்துபோய், மூச்சு வரும்வரை நின்று, அங்கேயே கட்டினான். திட்டுக்கூடப் புதிதாகப் பிறந்தது. "உன் மீனை பெங்களூர்க்காரன் பிடிக்க!" என்று சண்டையில் கத்தினார்கள். வாழ்த்தும்போது, "உன் மீன் பாறையடியிலேயே கிடக்கட்டும்" என்றார்கள்.

அதோடு ஊரில் மீன் தின்பதும் நின்றுபோனது. விடுதி வந்ததிலிருந்து ஆற்றில் வலை போடக்கூடாது என்று விடுதிக்காரர்கள் சட்டம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்களும் கண்ணில் மண்ணைத் தூவி, விடியலில் பரிசல் போட்டு நாலு மீனைக் கொண்டுவந்துகொண்டுதான் இருந்தார்கள். இப்போது யார் துணிவார்கள்? வலையில் விழுவது பக்கத்து வீட்டுக்காரன் மூச்சாக இருக்கலாம், பெற்ற பிள்ளையினுடையதாகவும் இருக்கலாம். பரிசல்களைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, ராகிக் களிக்குக் கீரையைக் கடைந்து தின்றார்கள். அதே ராகியை விடுதிச் சமையல்கட்டில் வேகவைத்து, உருண்டை பிடித்து, தூண்டில் முள்ளில் இரையாகச் செருகினார்கள்.

அந்த விடுதியில்தான் சிக்கம்மா வேலை பார்த்தாள். ஏழுமடுவுக்காரிதான், புருஷன் பவானிப் பக்கம் வேறொருத்தியோடு போய்விட, விடுதி தொடங்கிய நாளிலேயே வேலைக்குச் சேர்ந்தவள். விருந்தாளி பிடித்துப் படமெடுத்த மீனை வாங்கி, தண்ணீருக்குள் இறங்கி, ஒரு கை வயிற்றுக்கடியில், ஒரு கை வாலில், தலையை நீரோட்டத்துக்கு எதிராகக் காட்டி, செவுள் அசைந்து அசைந்து பலம் வந்து, மீன் தானாக உதறிக்கொண்டு போகும்வரை பிடித்திருப்பது அவள் வேலை. சிலது ஒரு நிமிஷத்தில் போகும். சிலது அரை மணி நேரம் அவள் கையில் கிடக்கும். ஆறு வருஷத்தில் ஒரு மீன்கூட அவள் கையில் சாகவில்லை.

ஊரில் எல்லோருக்கும் முள் பட்டது, அவளுக்கு மட்டும் படவில்லை. இது ஒன்றே போதுமாக இருந்தது ஊருக்கு. விடுதிக்காரன் அவள் மீனைத் தனித்தொட்டியில் வைத்து வளர்க்கிறான் என்றார்கள். அதைவிட ஆறாதது இன்னொன்று: அங்கே அவள் மீனைத் தாங்கிப் பிடிக்கும்போது, இங்கே தண்ணீரில் நிற்பவர்களுக்கு வயிற்றில் அவள் கை தெரிந்தது. சில்லென்று, உறுதியாக, அவசரப்படாத கை. மூச்சு வருவது அந்தக் கைக்குப் பின்னால்தான். இருந்தும், அல்லது அதனாலேயே, குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அவள் புருஷனுக்கு மூத்தவன் புட்டசாமி, பரிசல்காரன், நேராகவே கேட்டான்.

"எத்தனை நாளைக்கு அங்க போவே?"

"நான் போகலைன்னா வேற யாராவது புடிப்பாங்க மாமா. பழகாத கை. அப்ப உங்களுக்குத்தான் ஆபத்து."

"பொம்பளை கை என் வயித்தைத் தடவித்தான் எனக்கு மூச்சு வரணுமா? கூசுதுடி. என் மீனைத் தொடாதே."

"எது உங்க மீனுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அன்றிலிருந்து அவள் வீட்டு வழியாக நடப்பதையும் நிறுத்திவிட்டான்.

ஆடியில் ஊர் மொத்தமும் முறையிடப் பரிசலேறி விடுதிக்குப் போனது. மேனேஜர் ரெஜினால்ட், ஊட்டிக்காரர், கெட்ட வார்த்தை பேசாதவர், எல்லோரையும் நாற்காலி போட்டு உட்காரவைத்து எலுமிச்சை டீ கொடுத்தார்.

"நாங்க எதையும் கொல்றதில்லைங்க. எதிர்முள் இல்லாத முள்தான் போடறோம், சுலபமா கழண்டுடும். ஈரக் கையோடதான் தொடறோம். மீனைத் தூக்கறவர் தன் மூச்சைப் பிடிச்சுக்கணும், தனக்கு எப்ப முட்டுதோ அப்ப மீனைத் தண்ணியில விட்டுடணும். இதுதான் இங்க விதி."

"எங்களுக்கும் முட்டுதுங்க," என்றாள் கரியப்பன் பெண்டாட்டி தாயம்மா.

"தெரியும்மா. அதனாலதான் விட்டுடறோம் இல்ல? இதுவரைக்கும் ஒருத்தராவது செத்திருக்கீங்களா?"

செத்திருக்கவில்லைதான். ரெஜினால்ட் சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். இந்த வருஷம் ஆற்றில் மீன் திருட்டு ஒன்றுகூட இல்லை, எழுபது மைலில் இப்படி ஒரு இடம் கிடையாது, ஏழுமடுவு மக்களுக்கு நன்றி என்று அதில் எழுதியிருந்தது.

புட்டசாமி டீயைக் குடிக்காமல் கீழே வைத்தான். "பிடிக்கிறவனும் நீ, விடுறவனும் நீ. நடுவுல நான் உனக்குக் கும்பிடு வேற போடணுமா?"

ரெஜினால்ட் வருத்தமாகச் சிரித்தார். போகும்போது ஆளுக்கு ஒரு உதட்டுக் களிம்பு கொடுத்தனுப்பினார். தூணோரம் நின்ற சிக்கம்மாவை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் கட்டடம் கட்டி விற்கும் ஒரு பெரிய மனிதர் வந்தார். இரண்டாம் நாள் அவர் தூண்டிலில் ஆள் உயரத்துக்கு ஒரு மீன் மாட்டியது. தூக்கிப் பிடித்து ஒரு படம். வெயில் முகத்தில் விழவில்லை என்று திரும்பி நின்று ஒரு படம். பிறகு மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகத் தண்ணீரில் இறங்கினார். சிக்கம்மா தன் மூச்சைப் பிடித்திருந்தாள். அவள் மூச்சு எப்போதோ முடிந்து, விட்டு, மறுபடி பிடித்து, அதுவும் முடிந்தது. எதிர்க்கரையில் புட்டசாமி நின்றுகொண்டிருந்தான். பிறகு முட்டி மடங்கியது. பிறகு தலைமுடி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

"ஐயா, போதும்."

"ஒரே ஒரு வீடியோ."

சிக்கம்மா அவர் கையிலிருந்து மீனைப் பிடுங்கினாள். அவர் கூழாங்கல்லில் பொத்தென்று உட்கார்ந்தார். அவள் கழுத்தளவு ஆழத்துக்குப் போய், மீனின் தலையை நீரோட்டத்துக்குக் காட்டி, வயிற்றைத் தாங்கி நின்றாள். நெடுநேரம் அசைவில்லை. அப்புறம் ஒரு செவுள் திறந்தது. எதிர்க்கரையில் புட்டசாமி இருமுகிற சத்தம் ஆற்றைத் தாண்டிக் கேட்டது.

ரெஜினால்ட் அன்று சாயந்திரமே அவளைக் கூப்பிட்டார். "விருந்தாளி கையிலேருந்து மீனைப் பிடுங்கினா நான் எப்படி விடுதி நடத்தறது?"

"அந்தக் கரையைப் பார்த்தீங்களா சார்?"

"என் வேலை இந்தக் கரை, சிக்கம்மா. நாளையிலேருந்து வராதே."

ஊருக்குள் வந்தவளை வழியிலேயே புட்டசாமி மறித்தான். நெஞ்சு இன்னும் இரைத்துக்கொண்டிருந்தது. "உன்னை யாரு காப்பாத்தச் சொன்னது?" என்றான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அதற்கு ஒன்பதாம் நாள் கரியப்பனுக்கு முள் பட்டது. பதினோராவது தரம். பழகிப்போன ஆள், அடுப்பைத் தணித்துவிட்டு, "பாலைப் பாத்துக்க" என்று தாயம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். அங்கே சிக்கம்மா இடத்துக்கு வந்த புதுக் கைக்காரன் மீனை உலர்ந்த துண்டில் சுற்றி மணலில் கிடத்தினான்; விருந்தாளியின் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தன. பிறகு மீனை ஆற்றில் எறிந்தார்கள். அது வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. கரியப்பன் யாரோ உட்காரச் சொன்னதுபோலத் தண்ணீருக்குள் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த சிக்கம்மா கூட்டத்தை விலக்கப் பார்த்தாள். இரண்டு பெண்கள் அவள் கையைத் தட்டிவிட்டார்கள். அதற்குள் நேரமும் கடந்திருந்தது.

மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்க ரெஜினால்ட் வந்தார். கரியப்பன் பெயரைத் தகரத்தில் எழுதிக் கட்டிய ஒரு நாவல் மரக்கன்றைக் கொண்டுவந்தார். தாயம்மாவின் முன்னால் குனிந்து, மனதாரத்தான் சொன்னார்.

"எவ்வளவு கவனமா இருந்தாலும் நூத்துக்கு ரெண்டு போகும்மா. உலகம் பூரா அப்படித்தான். இந்த வருஷம் மட்டும் நாம முந்நூறுக்கு மேல விட்டிருக்கோம். போனது ஒண்ணுதான்."

ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். தாயம்மா கன்றை வாங்கி, இரண்டாக ஒடித்து, அவர் காலடியில் போட்டாள்.

அவர் போன பிறகு, பந்தலுக்கு வெளியே, யாரும் உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்த சிக்கம்மா பேசினாள். "அவங்க நம்மளை இழுக்கலை. நாமதான் போறோம். வலிக்கும்னு பயந்து நடந்து பழகிட்டோம். ஆறு வருஷமா நான் பார்த்திருக்கேன். மீன் பாறைக்குப் பின்னால போய் உக்காந்துட்டா அவனுங்களால ஒண்ணும் முடியாது. கை நடுங்கும், அழுவானுங்க. இங்க ஆளைப் பிடிச்சு நிறுத்தினா அங்க மீன் நிக்கும்."

அவள் சொன்னாள் என்பதற்காகவே அது தப்பாகத்தான் இருக்கும் என்று தோன்றியது அவர்களுக்கு.

நாலு நாள் கழித்து, உச்சிவெயிலில், புட்டசாமிக்கு முள் பட்டது. பழக்கதோஷத்தில் அவன் ஆற்றை நோக்கி நடந்தான். கரையோரப் புங்கமரத்தடியில் சிக்கம்மா பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள்.

"தொடாதே!"

"வாயை மூடிட்டு வேரைப் பிடிங்க மாமா."

அவன் வேரைப் பிடித்தான். பிடித்ததும் உதடு ஒரு விரல் நீளத்துக்கு முன்னால் வந்தது, ரத்தம் மார்பில் வழிந்தது. ஆற்றின் நடுவில், பாறைகளுக்குப் பின்னால் போன மீன் அங்கேயே நின்றது. இழுவை கூடியது. வேரிலிருந்து அவன் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின. இருவருமாகச் சரளையில் தேய்ந்துகொண்டு போனார்கள். அப்போது சிக்கம்மாவின் இடுப்பை இரண்டு கைகள் பிடித்தன. தாயம்மா. அவள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டுதான் பிடித்தாள். தாயம்மாவை வாத்தியார் பிடித்தார், வாத்தியாரை வனக்காவலர், அவரை அந்தக் கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும், பிறகு பேரெல்லாம் எதற்கு, ஏழுமடுவு மொத்தமும் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு கோவில்வரை நீண்டு நின்றது. ஊர் பின்னால் ஓரடி வைத்தது. ஆற்றுக்குள் மீனும் ஊரின் பலத்தோடு ஓரடி வந்தது.

அக்கரையில் விருந்தாளி தூண்டிலை விட்டுவிட்டு ஓடினார். பத்து விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெஜினால்ட் தூண்டிலை எடுத்து, இடுப்புப் பட்டையின் வளையத்தில் மாட்டி, கால்களை ஊன்றினார். விடுதியின் நூல் காளை மாட்டைக் கட்டினாலும் அறாது என்று அவரே பெருமையாகச் சொல்வது வழக்கம். ஊர் இன்னொரு அடி வைத்தது. ரெஜினால்ட் கூழாங்கல்லில் சறுக்கினார். இடுப்புக் கொக்கியைக் கழற்றப் பார்த்தார், இறுகிப்போயிருந்தது. முழங்கால், இடுப்பு, தொப்பி என்று ஆற்றுக்குள் போனார். ஊர் நடந்தது, அவர் ஆற்றைக் கடந்தார், சில சமயம் முகம் மேலே, பல சமயம் கீழே.

இக்கரைக்கு ஆளும் மீனுமாக வந்து சேர்ந்ததும் சிக்கம்மா கரைக்கு ஓடி, பரிசலில் கிடந்த அரிவாளால் நூலை அறுத்து, முள்ளை எடுத்து மீனை விட்டாள். புட்டசாமியின் உதடு விடுபட்டது. சங்கிலி கலைந்து ஊர் கரைக்கு வந்தது. மார்பளவுத் தண்ணீரில் ரெஜினால்ட் குப்புற மிதந்துகொண்டிருந்தார். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஆத்தோட போகட்டும்," என்றாள் தாயம்மா. "நூத்துக்கு ரெண்டுன்னான் இல்ல? ரெண்டாவது இவன்."

சிக்கம்மாவும் நின்றாள். நிற்கவேண்டும் என்றுதான் நினைத்தாள். அந்த மனிதனின் மேல் அவளுக்கு இரக்கம் ஒன்றும் இருக்கவில்லை. தேடிப் பார்த்தும் இருக்கவில்லை. ஆனால் தண்ணீரில் ஒன்று மூச்சில்லாமல் மிதப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவள் கைகளுக்குத் தெரியவில்லை. அவை முன்னே போயின, அவள் பின்னால் போனாள். ஆளைப் புரட்டி, நெஞ்சையும் முதுகையும் அழுத்தி, குடித்த தண்ணீரைக் கக்கவைத்து, தலையைத் தூக்கிப் பிடித்து, அவசரப்படாமல் நின்றாள். அவர் இருமினார். கண்ணைத் திறந்தார். யார் பிடித்திருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"என் தூண்டில் எங்கே?" என்றார்.

அவரைப் பரிசலில் போட்டு அக்கரையில் இறக்கிவிட்டு வந்தார்கள். கரையேறிய சிக்கம்மாவின் முன்னால் தாயம்மா வந்து நின்றாள். கத்தவில்லை, சத்தமே இல்லாமல்தான் கேட்டாள்.

"என் புருஷனைப் பிடிக்க உன் கை இல்லை. இவனைப் பிடிக்க மட்டும் எங்கேருந்துடி வந்துச்சு?"

தாயம்மா மண்ணில் துப்பிவிட்டுப் போனாள்.

விடுதி தை மாதத்துக்குள் மூடிப்போயிற்று. மீன் பிடிக்க வருகிறவர்கள் மீனால் பிடிக்கப்பட விரும்பவில்லை. ரெஜினால்ட் ஊட்டிக்கே போய்விட்டார் என்றார்கள். தெருவில் கட்டிய மூங்கிலை அவிழ்த்துப் பந்தலுக்குப் போட்டார்கள். மீனுக்கும் ஆளுக்கும் இருந்த தொடர்பு மட்டும் போகவில்லை. மீன் பாறையில் உரசினால் இங்கே ஒருவர் முழங்கை சிராய்த்தது. அதனால் வலையை யாரும் எடுக்கவில்லை. ஏழுமடுவு, ஆற்றங்கரையில் இருந்துகொண்டே மீன் தின்னாத ஊராகிவிட்டது. சிக்கம்மாவிடம் ஊர் பேசவில்லை. கூலி வேலைக்குக் கூப்பிட்டார்கள், சாப்பாடு தனியாக வைத்தார்கள். குழாயடியில் இன்னும் குடங்கள் விலகின.

மறுவருஷம் சித்திரையில் ஆறு ஒடுங்கியது. கண்ணுக்கெட்டிய மட்டும் பாறை. நடுவில் ஒரு ஓடை அகலத்துக்குத் தண்ணீர். ஓரத்தில் அங்கங்கே துண்டாடிய குட்டைகள். ஒரு வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து தாயம்மாவுக்கு மூச்சு இரைத்தது. நர்ஸ் வந்து ஊசி போட்டும் கேட்கவில்லை. கட்டிலில் வைத்து வாசலில் போட்டார்கள். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது, உதடு நீலம் பூத்தது. தூண்டில் இல்லை, வலை இல்லை. அப்படியென்றால் அவள் மீன் எங்கோ தண்ணீர் வற்றிய குட்டையில் கிடக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. யார் கை வேண்டும் என்பதும் புரிந்தது. தாயம்மா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள், வேண்டாம் என்று.

சிக்கம்மா அதற்குள் ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள். கோவில் முனையில் புட்டசாமி நின்றான். போன வருஷத்துக்குப் பிறகு அவன் அவளோடு பேசிய முதல் வார்த்தை.

"யாரும் கூப்பிடாமலே போறியா?"

"கூப்பிட்டா போகமாட்டேன் மாமா."

அவன் ஒதுங்கி வழிவிட்டான். பிறகு, இருபது அடி பின்னால், அவளோடு சேர்ந்து போகாதவன்போலத் தானும் நடந்தான்.

இரண்டு குட்டைகளில் தண்ணீர் இருந்தது, மீன்கள் நல்லபடியாகவே சுற்றின. மூன்றாவது, மேல்பாறைக்குப் பின்னால், சேறாகியிருந்தது. முதுகு காய்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, தொடையளவு நீளத்தில் ஒரு பெருங்கெண்டை கிடந்தது. சிக்கம்மா கையை நனைத்துக்கொண்டு, சாக்கை அடியில் விட்டுத் தூக்கினாள். கனத்தது. ஒரு முனையைப் புட்டசாமி வந்து பிடித்தான். கொதிக்கும் பாறைகள் மேல் இருவரும் நடந்து ஓடுகிற தண்ணீருக்கு வந்தார்கள். அங்கே அவன் விலகி நின்றுகொண்டான்.

அவள் இறங்கினாள். ஒரு கை வயிற்றுக்கடியில், ஒரு கை வாலில், தலை நீரோட்டத்துக்கு எதிரே. வெயில் மண்டையில் இறங்கியது. செவுளில் சேறு அடைத்திருந்தது. விரல் நுனியால் எடுத்தாள். ஊரில் எல்லோரும் சொன்னதுபோல, தன் கை அங்கே அந்த வாசலில், அந்த உடம்பில் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். அந்த உடம்பு கூசிச் சுருங்குவதும் மீனின் வயிற்றில் அவளுக்குத் தெரிந்தது. அவள் பிடியை விடவில்லை. செவுள் ஒருமுறை திறந்தது. நின்றது. மறுபடி திறந்தது. பிறகு ஒரே உதறலில், அவள் கன்னத்தில் வாலால் அறைந்துவிட்டு, மீன் ஆழத்துக்குப் போயிற்று.

பிறகு ஊர்ப்பக்கத்திலிருந்து தாயம்மாவின் குரல் கிளம்பியது. "நீ நல்லா இருப்பியாடி, பாவி! உன் கை விளங்காமப் போக! என் தாலியை அறுத்தவனைத் தூக்கி நிறுத்தின கை, அது வெந்து போக!" என்று தொடங்கி, சிக்கம்மாவின் பிறந்த வீட்டை, போன புருஷனை, பிறக்காத பிள்ளையை, அவள் தின்னும் களியை, குடிக்கும் தண்ணீரை, ஒன்றையும் விடாமல், நடுவில் ஒரு இடத்திலும் மூச்சு அறாமல், பாறைக்குப் பாறை எதிரொலித்து வந்தது அந்தத் திட்டு.

புட்டசாமி தலையைக் குனிந்துகொண்டான். சிக்கம்மா தண்ணீரில் நின்றபடியே கடைசி வார்த்தைவரை கவனமாகக் கேட்டாள். முழு மூச்சுதான். எங்கேயும் இரைப்பு இல்லை. அவள் முந்தானையைப் பிழிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரையேறி நடந்தாள்.